கைக்கு இடமுண்டு, ஆளுக்கு இடமில்லை: பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு

1890களில் பூனா நகரத்து இந்துக்களின் கிரிக்கெட் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. தேநீர் இடைவேளை வந்ததும் பத்து வீரர்கள் கூடாரத்துக்குள் போவார்கள். அவர்களுக்குப் பீங்கான் கோப்பையில் தேநீர் கிடைக்கும். பதினொராவது வீரர் வெளியே நிற்பார். அவருக்கு மண் குவளையில் தேநீர் வரும். குடித்து முடித்ததும் அந்தக் குவளையை எறிந்துவிடுவார்கள். மதிய உணவுக்கு அவருக்குத் தனி மேசை, தனித் தட்டு. முகம் கழுவ வேண்டுமென்றால், அவரைப் போலவே தீண்டத்தகாதவராகக் கருதப்பட்ட ஒரு வேலையாள் மைதானத்தின் மூலையில் தண்ணீர் ஊற்றுவார்.

இடைவேளை முடிந்து எல்லோரும் மைதானத்துக்கு இறங்கியதும், பந்து முதலில் அந்தப் பதினொராவது ஆளின் கைக்குத்தான் போகும். அவர் கை பட்ட பந்தை மற்றப் பத்துப் பேரும் பிடிப்பார்கள், எறிவார்கள். பந்து தோலால் ஆனது. தோலோடு வேலை செய்கிற சாதியில் பிறந்தவர் என்பதற்காகத்தான் அவர் வெளியே நிறுத்தப்பட்டார்.

அவருடைய பெயர் பல்வங்கர் பாலு. இந்தியா பெற்ற முதல் பெரிய பந்துவீச்சாளர் என்று கிரிக்கெட் வரலாற்றாசிரியர்கள் இன்று அவரைச் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. கொழும்பில் கிரிக்கெட் பேசும் தமிழர்களிடம் மகாதேவன் சதாசிவத்தின் துடுப்பாட்டம் பற்றிக் கதைகள் இருக்கின்றன. முத்தையா முரளிதரனின் 800 விக்கெட்டுகள் எல்லோருக்கும் மனப்பாடம். பாலுவைப் பற்றி நான் அறிந்துகொண்டது, ஊடகக் கற்கைகள் படித்த காலத்தில், விளையாட்டும் சாதியும் பற்றிய ஒரு வாசிப்பின் போதுதான். அதன் பிறகு பல வருடங்களாக அவர் என்னை விடவில்லை. அதற்கான காரணம் கிரிக்கெட்டை விடவும் எங்களோடு தொடர்புபட்டது.

வலைக்குள் கழிந்த இளமை

பாலு 1876இல் தார்வாரில் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் கொங்கணக் கரையில் உள்ள பல்வன் என்ற ஊர். அந்த ஊரின் பெயரே பல்வங்கர் என்று குடும்பப் பெயராகியது. சாதி, சமார். தந்தை இராணுவத்தோடு தொடர்புபட்ட வேலையில் இருந்தபடியால் குடும்பம் பூனாவில் தங்கியது. வெள்ளை அதிகாரிகள் பாவித்துக் கழித்துவிட்ட மட்டையையும் பந்தையும் வைத்துக்கொண்டுதான் பாலுவும் தம்பி சிவராமும் விளையாட்டைக் கற்றார்கள்.

முதல் வேலை பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கழகத்தில். ஆடுகளத்தைக் கூட்டுவது, உருளை இழுப்பது, எப்போதாவது உறுப்பினர்களுக்குப் பந்து போடுவது. மாதச் சம்பளம் மூன்று ரூபாய். 1892 அளவில் ஐரோப்பியர்களின் பூனா கழகத்துக்கு மாறினார். அங்கே நான்கு ரூபாய். வலை கட்ட வேண்டும், உருளை இழுக்க வேண்டும், கோடு போட வேண்டும். பிறகு வெள்ளை அதிகாரிகள் பயிற்சிக்கு வரும்போது அவர்களுக்குப் பந்து வீச வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கிரிக்கெட்டில் துடுப்பாட்டம் கனவான்களின் வேலையாகவும், பந்துவீச்சு கூலிக்காரர்களின் வேலையாகவும் நீண்டகாலம் பார்க்கப்பட்டது. இங்கிலாந்திலேயே அப்படித்தான். அங்கே சம்பளத்துக்கு ஆடிய தொழில்முறை வீரர்களில் பெரும்பாலானோர் பந்துவீச்சாளர்கள். அவர்களுக்கு வேறு வாசல், வேறு உடைமாற்றும் அறை. பூனாவில் இந்த வர்க்க வேற்றுமையோடு நிறமும் சாதியும் சேர்ந்துகொண்டன. அந்தக் கழகத்தில் பாலு மணிக்கணக்காக, நாள்கணக்காக, வருடக்கணக்காகப் பந்து வீசினார். ஒரு தடவை கூட அவருக்கு மட்டை கொடுக்கப்படவில்லை.

அந்தக் கழகத்தில் ஜே. ஜி. கிரெய்க் என்ற இராணுவ அதிகாரி இருந்தார். அக்கால இந்தியாவில் ஆடிய ஐரோப்பியர்களில் தலைசிறந்த துடுப்பாட்டக்காரர் அவர். மற்றவர்களுக்கு ஒரு மணித்தியாலம் முந்தியே வந்து பாலுவின் பந்துகளுக்கு முகம் கொடுத்துப் பயிற்சி எடுப்பாராம். தன்னை ஆட்டமிழக்கச் செய்யும் ஒவ்வொரு தடவைக்கும் பாலுவுக்கு எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. மாதச் சம்பளம் நான்கு ரூபாய் வாங்குகிற ஒருவருக்கு எட்டணா என்பது கிட்டத்தட்ட நான்கு நாள் கூலி. இந்தக் கதை உண்மையோ இல்லையோ, பாலுவின் கல்லூரி அந்த வலைதான். மெதுவான இடதுகைச் சுழற்பந்து. பந்தை இரண்டு பக்கமும் திருப்பத் தெரிந்திருந்தது. உயரத்தையும் வேகத்தையும் பந்துக்குப் பந்து மாற்றுவார். நாள் முழுக்கப் போட்டாலும் விழ வேண்டிய இடத்திலேயே பந்து விழும். இவ்வளவையும் கூலிக்கு வேலை செய்துகொண்டே கற்றுக்கொண்டார்.

தேவை வந்தபோது திறந்த கதவு

பூனாவில் இந்துக்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் இடையில் போட்டி வளர்ந்தது. வெள்ளையர்களைத் தோற்கடிக்க ஆசைப்பட்ட இந்து அணிக்கு ஒரு நல்ல பந்துவீச்சாளர் தேவைப்பட்டார். நகரத்தின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர், அந்த வெள்ளையர்களின் கழகத்தில் உருளை இழுத்துக்கொண்டிருந்தார். அவரைச் சேர்ப்பதா இல்லையா என்று அணிக்குள் பிரச்சினை எழுந்தது. பிராமண உறுப்பினர்கள் சிலர் மறுத்தார்கள், வேறு சிலர் சேர்க்க வேண்டுமென்று வாதாடினார்கள். கடைசியில் வெற்றி ஆசை வென்றது. மைதானத்துக்குள் சேர்த்துக்கொள்வது, மைதானத்துக்கு வெளியே பழைய ஒழுங்கு என்று முடிவாகியது. மண் குவளை வந்தது அப்படித்தான்.

இந்து அணி சத்தாராவில் இருந்த வெள்ளையர்கள் மட்டுமேயான கழகத்தோடு ஆடப் போனபோது, பாலுவின் சுழலை மழுக்குவதற்காக அந்தக் கழகத்தினர் ஆடுகளத்தைப் பல நாட்களாக உருட்டி இறுக்கி வைத்திருந்தார்கள் என்று பதிவு உண்டு. பாலு ஏழு விக்கெட்டுகள் எடுத்தார். பூனாவுக்குத் திரும்பியதும் பொது விழா. சமூக சீர்திருத்தவாதியும் நீதிபதியுமான மகாதேவ் கோவிந்த் ரானடே பாலுவுக்கு மாலை போட்டார். சேர்ந்து விளையாடலாம் என்றால் சேர்ந்து சாப்பிட ஏன் முடியாது என்பது அவர் தன் சாதியாரிடம் எழுப்பிய கேள்வி. பாலகங்காதர திலகரும் பின்னர் பாலுவைப் பாராட்டினார். அந்தக் காலத்தில் இது சிறிய விடயமல்ல. ஆனால் மாலை போட்ட கூட்டம் கலைந்த பிறகும் குவளை மாறியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பூனாவில் அது உடனே மாறவில்லை.

1896இல் பம்பாய் மாகாணத்தில் கொள்ளைநோய் பரவியது. அந்த ஆண்டுகளில் பாலு பூனாவை விட்டுப் பம்பாய்க்குப் போனார். அங்கேயும் இந்து ஜிம்கானாவில் இதே வாக்குவாதம் நடந்தது. உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தார்கள், அணித்தலைவர் கீர்த்திகர் விடாப்பிடியாக நின்று சேர்த்துக்கொண்டார். பாலுவுக்குப் பம்பாய், பரோடா, மத்திய இந்திய ரயில்வேயில் வேலை கிடைத்தது. ரயில்வே அணிக்காகவும் ஆடினார். காலப்போக்கில் இந்து ஜிம்கானாவில் அவரும் தம்பியும் மற்றவர்களோடு சேர்ந்து உணவருந்தும் நிலை வந்தது. ஒரு பந்துவீச்சாளரின் கை பத்து வருடங்களுக்கு மேல் உழைத்துப் பெற்ற இடம் அது.

1906

1906 பெப்ரவரியில் பம்பாயில் இந்துக்களும் ஐரோப்பியர்களும் மோதினார்கள். அதற்கு முந்திய வருடம்தான் வங்காளம் பிரிக்கப்பட்டிருந்தது. சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆசிய நாடான ஜப்பான் ரஷ்யாவைத் தோற்கடித்த செய்தியும் எல்லோர் மனதிலும் இருந்தது. விளையாட்டை விளையாட்டாக மட்டும் யாரும் பார்க்கவில்லை.

இந்துக்கள் முதலில் 242 ஓட்டங்கள். ஐரோப்பியர்கள் 191. இரண்டாவது இன்னிங்சில் இந்துக்கள் 160. ஐரோப்பியர்களுக்கு வெற்றி இலக்கு 212. அவர்கள் 102 ஓட்டங்களுக்குள் சுருண்டார்கள். பாலு அந்த இன்னிங்சில் மட்டும் ஐந்து விக்கெட்டுகள் எடுத்தார். 109 ஓட்டங்களால் வெற்றி. அடுத்த வருடமும் இந்துக்கள் வென்றார்கள். ஆளுகிறவனை அவனுடைய விளையாட்டிலேயே தோற்கடித்துவிட்டோம் என்ற பெருமிதம் நாடெங்கும் பரவியது. அந்தப் பெருமிதத்தைப் பெற்றுக் கொடுத்த கைகளில் முதன்மையானது ஒரு தலித்தின் கை.

இங்கிலாந்தில் ஒரு கோடை

1911இல் அகில இந்திய அணி ஒன்று முதல் தடவையாக இங்கிலாந்துக்குப் போனது. தலைவர் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். அப்போது அவருக்கு வயது 19. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நடந்த கோடை அது. மகாராஜா விருந்துகளிலும் விழாக்களிலும் மூழ்கிப்போனார், ஒரு சில ஆட்டங்களுக்கு மட்டுமே வந்தார்.

அணி 23 ஆட்டங்கள் ஆடியது. ஆறில் வெற்றி, 15இல் தோல்வி. அவற்றில் 14 முதல்தரப் போட்டிகள், வென்றது இரண்டே இரண்டு. இந்தத் தோல்விக் கணக்குக்கு நடுவில் பாலுவின் கணக்கைப் பாருங்கள். முழுச் சுற்றுப்பயணத்திலும் 114 விக்கெட்டுகள், விக்கெட்டுக்கு 19க்கும் குறைவான ஓட்டங்கள். முதல்தரப் போட்டிகளில் மட்டும் 75 விக்கெட்டுகள். லெஸ்டர்ஷயரை வென்ற ஆட்டத்தில் 11 விக்கெட்டுகள் அவருடையவை. சமர்செட்டை ஒரு விக்கெட்டால் வென்ற ஆட்டத்தில் தம்பி சிவராம் ஆட்டமிழக்காமல் சதம் அடித்தார். அந்தச் சுற்றுப்பயணத்தின் இரண்டு முதல்தர வெற்றிகளிலும் பல்வங்கர் குடும்பத்தின் கை இருந்தது.

அப்போது பாலுவுக்கு வயது 35. ஒரு பந்துவீச்சாளரின் தோளுக்கு அது மாலை நேரம். இருபது வயதில் அவர் எப்படிப் பந்து வீசியிருப்பார் என்று பார்க்கும் வாய்ப்பு கிரெய்க்குக்கும் பூனா கழகத்து அதிகாரிகளுக்கும் மட்டுமே கிடைத்தது, அதுவும் வலைக்குள். பாலுவின் முழு முதல்தர வாழ்க்கை 33 போட்டிகள்தான். அதில் 179 விக்கெட்டுகள், சராசரி 15.21. இந்தியா தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது 1932இல். அப்போது அவருக்கு வயது 56.

கடலுக்கு அப்பால் இன்னொரு கை

பாலுவைப் படிக்கும்போது எனக்கு அமெரிக்காவின் பேஸ்போல் ஞாபகம் வரும். அந்த விளையாட்டில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பந்து எறிபவர்தான் அணியின் முதுகெலும்பு. அவருடைய கை ஒரு மூலதனம். அதனால் ஒரு நாள் எறிந்தால் பிறகு சில நாட்கள் ஓய்வு கொடுப்பார்கள். இளம் வயதிலேயே ஒப்பந்தம் செய்து, சிறிய அணிகளில் வளர்த்து, படிப்படியாக மேலே கொண்டுவருவார்கள். ஒரு கையில் எத்தனை வருடங்கள் மிச்சம் என்பதுதான் அந்தத் தொழிலின் பெரிய கேள்வி.

சாட்செல் பேஜ் என்ற கறுப்பினத்தவருக்கு அந்தப் படிகள் எதுவும் திறந்திருக்கவில்லை. 1906இல் அலபாமாவில் பிறந்தவர். 1920களின் நடுப்பகுதியில் இருந்து கறுப்பினத்தவர்களுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட அணிகளில் எறிந்தார். ஊர் ஊராகப் போய், பல சமயம் ஓய்வே இல்லாமல் எறிந்தார். வெள்ளையர்களின் பெரிய லீக்கில் நிறத்தடையை ஜாக்கி ரொபின்சன் உடைத்தது 1947இல். அடுத்த வருடம் கிளீவ்லாந்து அணி பேஜை எடுத்தது. அப்போது அவருக்கு வயது 42. அந்தப் பருவத்தில் ஆறு வெற்றி, ஒரு தோல்வி, அணி அந்த வருட உலகத் தொடரையும் வென்றது. 1965இல், 59 வயதில், கடைசியாக மூன்று இன்னிங்ஸ் எறிந்துவிட்டு ஓய்ந்தார்.

பேஜும் பாலுவும் இரண்டு கண்டங்கள், இரண்டு விளையாட்டுகள். இருவருடைய நல்ல வருடங்களும் சாதனைப் பட்டியலுக்கு வெளியே கழிந்தன. தடை நீங்கிய பிறகு பாராட்டும் பதக்கமும் கொடுக்கலாம். கழிந்த வருடங்களை எந்தக் கையாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. எங்கள் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடப்பெயர்விலும் தடுப்பிலும் முகாமிலும் இருபது முதல் முப்பது வரையான வயதைத் தொலைத்தவர்கள் எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள்.

கொடுக்கப்படாத தலைமை

இங்கிலாந்தில் இருந்து திரும்பிய பாலுவுக்கு பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பளித்தார்கள். அந்த வரவேற்பு மடலை எழுதியவர் இளைஞரான பீம்ராவ் அம்பேத்கர் என்று சொல்லப்படுகிறது. அன்றைய அம்பேத்கருக்குப் பாலு ஒரு நாயகன்.

ஆனால் இந்து அணியின் தலைமை பாலுவுக்குக் கிடைக்கவில்லை. மூத்தவர், அனுபவசாலி, அணியின் மிகப் பெரிய வெற்றிகளுக்குக் காரணமானவர். இருந்தும் 1910க்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அவருடைய பெயர் எழும், ஒவ்வொரு வருடமும் உயர்சாதியைச் சேர்ந்த ஒருவர் தலைவராவார். அப்படித் தலைவரான எம். டி. பாய், அந்த இடம் உண்மையில் பாலுவுக்கு உரியது என்று ஒரு பாராட்டுக் கூட்டத்தில் வெளிப்படையாகவே சொன்னார். சொன்னவர் நல்லவர். ஆனாலும் வழக்கம் தொடர்ந்தது.

காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. பந்துவீச்சாளருக்குத் தலைவர் கட்டளையிடுவார். தலைவரானால் மற்றப் பத்துப் பேருக்கும் இவர் கட்டளையிட வேண்டும். எங்கே நில், இப்போது நீ போடாதே, நீ முன்னால் வா என்று ஒரு சமார் சொல்ல, ஒரு பிராமணர் கேட்க வேண்டும். தேநீர்க் குவளையை மாற்றுவதை விட அது கடினமாக இருந்தது.

1920இல் பிரச்சினை வெடித்தது. பாலு அணியில் இருந்து விடப்பட்டார். தலைவர் பாய் முதல் ஆட்டத்துக்கு வர முடியாத நிலையில், மூத்த வீரரான பாலுவின் இன்னொரு தம்பி விட்டலைத் தாண்டி, டி. பி. தேவ்தரிடம் தலைமை கொடுக்கப்பட்டது. சிவராமும் விட்டலும் அணியில் இருந்து விலகினார்கள். சாதிதான் காரணம் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். பந்துவீச்சில் சாதித்த ஒரு குடும்பம், பந்து வீச மறுத்ததன் மூலம் பேசியது. நகரத்தில் பெரிய விவாதம் எழுந்தது. அடுத்த ஆட்டத்துக்குச் சகோதரர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். பாலு உப தலைவராக நியமிக்கப்பட்டார். ஆட்டத்தின் நடுவில் பாய் மைதானத்தை விட்டு வெளியேறி, கொஞ்ச நேரம் பாலு அணியை வழிநடத்த இடம் விட்டார். 44 வயதில், இன்னொருவருடைய நல்ல மனத்தால், சில மணித்தியாலத் தலைமை. பாலுவுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

1923இல் விட்டல் இந்து அணியின் முழுநேரத் தலைவரானார். அணி ஐரோப்பியர்களை வென்றது. இரசிகர்கள் விட்டலைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். முப்பது வருடங்களுக்கு முன் அண்ணன் மண் குவளையோடு வெளியே நின்ற அதே விளையாட்டில் தம்பிக்கு இந்த இடம் கிடைத்தது. இதை இந்து சமூகத்தின் பெருந்தன்மை என்று எழுதியவர்களும் இருந்தார்கள். நான் அதை ஒரு வேலைநிறுத்தத்தின் பலன் என்றே வாசிக்கிறேன். 1920இல் சகோதரர்கள் விலகாமல் இருந்திருந்தால் 1923 வந்திருக்குமா என்பது ஐயம்.

நாயகனும் இரசிகனும் எதிரெதிரே

பாலுவின் கதையை இத்தோடு நிறுத்தினால் நல்ல முடிவு கிடைக்கும். அவருடைய பிற்கால வாழ்க்கை அப்படி நேராகப் போகவில்லை.

1930களில் அவர் அரசியலுக்கு வந்தார். பம்பாய் மாநகரசபைத் தேர்தலில் இந்து மகாசபை சார்பில் நின்று தோற்றார். 1932இல் ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று அம்பேத்கர் போராடி, அதற்கு பிரித்தானிய அரசு இணங்கியபோது, பாலு எதிர்ப்பக்கம் நின்றார். சென்னை மாகாணத்தைச் சேர்ந்த எம். சி. ராஜாவும் அதே நிலைப்பாட்டில் இருந்தார். காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டெம்பர் 24ஆம் திகதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தாகியது. தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டு, பொதுத் தொகுதிகளுக்குள் ஒதுக்கப்பட்ட ஆசனங்கள் என்று முடிந்தது. கையெழுத்திட்டவர்களில் அம்பேத்கர் இருந்தார், தமிழர்களான இரட்டைமலை சீனிவாசனும் ராஜாவும் இராஜகோபாலாச்சாரியும் இருந்தார்கள், பாலுவும் இருந்தார். இருபது வயதில் எந்த நகரத்தின் கழகத்தில் உருளை இழுத்தாரோ, அந்த நகரத்தின் பெயர் தாங்கிய ஒப்பந்தத்தில் அவருடைய கையெழுத்து விழுந்தது.

1937 மாகாணத் தேர்தலில் பம்பாய் நகரில் அம்பேத்கரை எதிர்த்து நிறுத்த காங்கிரஸ் பாலுவைத் தேர்ந்தெடுத்தது. அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள். பாலுவுக்கு 11,225. பழைய இரசிகன் வென்றான்.

சிலர் இதைப் பாலுவின் வீழ்ச்சியாகப் பார்க்கிறார்கள். காங்கிரஸ் அவரைக் கருவியாகப் பாவித்தது என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. பூனாவில் வெள்ளையரைத் தோற்கடிக்க அவருடைய கை தேவைப்பட்டது போல, 1937இல் அம்பேத்கரைத் தோற்கடிக்க அவருடைய பெயர் தேவைப்பட்டது. ஆனால் பாலுவின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். உள்ளே இருந்துகொண்டே, விலகிப் போகாமல், தன் திறமையைக் காட்டிக் காட்டி ஒவ்வொரு கதவாகத் திறந்தவர் அவர். மண் குவளையில் தொடங்கி சேர்ந்துண்ணும் மேசை வரை வந்த அனுபவம் அவருடையது. இந்து சமூகம் மெல்ல மாறும் என்று அவர் நம்பியதற்கு அவருடைய வாழ்க்கையே அவருக்குச் சான்று. அம்பேத்கர் அந்தச் சான்றையே வேறு விதமாக வாசித்தார். இந்த அளவு திறமை உள்ள ஒருவருக்கே இவ்வளவுதான் கிடைக்கும் என்றால், பந்து வீசத் தெரியாத இலட்சக்கணக்கானவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் அம்பேத்கரின் அரசியலுக்குள் இருந்த கேள்வி. எனக்கு அம்பேத்கரின் வாசிப்பே சரி என்று படுகிறது. பாலுவின் நம்பிக்கையை ஏளனம் செய்ய மட்டும் மனம் வரவில்லை.

1955 யூலை 4ஆம் திகதி பம்பாயில் பாலு காலமானார்.

எங்கள் குவளைகள்

நான் இப்போது தெஹிவளையில் வசிக்கிறேன். காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பின்னேரங்களில் பெடியன்கள் மென்பந்து கிரிக்கெட் ஆடுவார்கள். வன்னியில் இருந்து வந்தவர்களின் பிள்ளைகள், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், மலையகத்துப் பிள்ளைகள், பக்கத்து வீட்டுச் சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள். யார் எந்தச் சாதி என்று அந்த ஒழுங்கையில் யாரும் கேட்பதில்லை. கொழும்புக்கு வந்து இதெல்லாம் போய்விட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதே பெரியவர்கள் கல்யாணப் பேச்சு வந்தால், அவை எவடம், எந்தப் பகுதி என்று மெதுவாக விசாரிப்பதையும் நான் கேட்டிருக்கிறேன்.

என் அம்மம்மா சிறுமியாக இருந்த காலத்தில், ஊர்த் தேநீர்க் கடையில் சில சனங்களுக்குப் போத்தலிலும் பேணியிலும்தான் தேநீர் ஊற்றுவார்களாம். அவர்கள் வெளியே நிலத்தில் குந்தியிருந்து குடிக்க வேண்டும். அம்மம்மா அதை ஒரு அநியாயமாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்து வழக்கம் என்று சொன்னார். பூனாவின் மண் குவளையைப் பற்றி முதலில் வாசித்தபோது எனக்கு நினைவில் வந்தது அந்தப் போத்தல்தான். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கடைகள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட வேண்டியிருந்தது, பொலிஸாரின் தடியடியை வாங்க வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட வேண்டியிருந்தது. இங்கேயும் கதவுகள் தட்டியவர்களுக்குத்தான் திறந்தன.

அதற்குப் பிறகு யுத்தம் வந்தது. நாங்கள் எல்லோரும் தமிழர்கள், எதிரி வெளியே இருக்கிறான், உள்வீட்டுப் பிரச்சினைகளைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லப்பட்டது. யுத்தத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் செத்தார்கள். பதுங்கு குழிக்குள் சாதி பார்க்க முடியாது. ஆனால் 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்தவர்களில் யார் இருபது, இருபத்தைந்து வருடங்கள் கழித்தும் முகாம்களிலேயே தங்கிப்போனார்கள் என்று பார்த்தால், காணியில்லாதவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே பெரும்பான்மை. இதைக் களத்தில் வேலை செய்த பலர் எழுதியிருக்கிறார்கள். காணி வைத்திருந்தவர்களுக்குத் திரும்பிப் போக ஓர் இடமாவது இருந்தது.

1906இல் பம்பாயில் நடந்ததும் இதை ஒத்ததுதான். வெளியே இருந்த ஆட்சியாளனை வெல்வதற்கு பாலு எங்களவர். வெற்றிக்குப் பிறகு அணிக்கு யார் தலைவர் என்ற கேள்வி எழுந்தபோது அவர் வேறு ஆள். அந்த அணியில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களில் சிலர் பாலுவுக்காக வாதாடியிருக்கிறார்கள், பாய் போன்றவர்கள் இடம் விட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பொதுப் போராட்டத்தின் பெயரால் உள்ளே இருக்கிற ஏற்றத்தாழ்வைத் தள்ளிப்போட்டால், போராட்டம் முடிந்த பிறகும் அது அதே இடத்தில் இருக்கும் என்பதை இந்த ஒருவருடைய வாழ்க்கை அளந்து காட்டுகிறது.

எங்கள் பகுதிகளில் இன்று விளையாட்டுக் கழகங்கள் மீண்டும் எழுந்திருக்கின்றன. புலம்பெயர்ந்தவர்களின் பணத்தில் மைதானங்கள் திருத்தப்படுகின்றன, சுற்றுப்போட்டிகள் நடக்கின்றன. இந்தக் கழகங்களைப் பற்றி எழுதப் போகும்போதெல்லாம் நான் இரண்டு பட்டியல்களைக் கேட்டு வாங்குவேன். ஒன்று பதினொரு வீரர்களின் பட்டியல். மற்றது நிர்வாகக் குழுவின் பட்டியல். முதலாவதில் ஊரின் எல்லாப் பகுதிப் பிள்ளைகளும் இருப்பார்கள். இரண்டாவதில் தலைவர், செயலாளர், பொருளாளர் எந்தப் பகுதியில் இருந்து வருகிறார்கள் என்று உங்கள் ஊரில் நீங்களே ஒரு தடவை பாருங்கள்.